நாலு புகைபோக்கிக் கப்பல்

அத்தியாயம் 5

எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் பிடிக்காது. ஸ்டேஷனுக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் விசாலி அக்காவிடம் அசிஸ்டென்டாகச் சேர்ந்த நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருக்கிறது.

அன்று மதியம் மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் மருதுபாண்டி எங்களைப் பார்த்த பார்வை, சாப்பாட்டில் முடி கண்டவன் பார்வை.

"டி.டி.ஆர். அம்மா வந்துட்டீகளா? இங்க யாரும் டிக்கெட் இல்லாமப் பயணம் போகலையே."

விசாலி அக்கா இருபத்திரண்டு வருடம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்தவர். பொய் சொல்கிறவன் முகத்தை ஓடுகிற ரயிலில், கூட்டத்துக்கு நடுவில், மூன்று விநாடியில் கண்டுபிடித்துப் பழகியவர். வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடமாகிறது. அங்கே நடக்கிற முதல் அநியாயம் எனக்குக் கொடுக்கிற சம்பளம். அதைப் பிறகு பேசலாம்.

"ஆசாரியப் பாக்கணும்" என்றார் அக்கா.

"பாருங்க. பேச மாட்டான். நானே பேசிப் பேசித் தொண்டை வத்திப்போய் உக்காந்திருக்கேன்."

அருள்முருகன் ஆசாரி மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, ஒடிசலான ஆள். அவர் மனைவி ஈஸ்வரிதான் எங்கள் கட்சிக்காரர். அவர் புருஷனுக்கு எதிரே நின்றுகொண்டு எங்களையும் முறைத்துக்கொண்டிருந்தார். காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே, "வேற யாரும் கெடைக்கல, அதான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டுதான்.

"அருள்முருகன், கப்பல மாத்துனீகளா?" என்று அக்கா கேட்டார்.

தலை இல்லையென்று ஆடியது.

"அங்க என்ன நடந்துச்சு?"

அவர் வலது கையை மடியில் மூடி வைத்துக்கொண்டார். அக்கா அந்தக் கையைப் பிடித்து மெல்ல விரித்துப் பார்த்தார். உள்ளங்கையின் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குத் தீப்புண், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"பசை காச்சுறப்ப சுட்டிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். "அம்மா, எனக்கு நேரமில்ல. அஞ்சு மணிக்கு மானகிரியில முருகப்பன் செட்டியார் பத்திரிகைக்காரவுகளக் கூட்டியிருக்காரு. அதுக்கு முன்னாடி எப்.ஐ.ஆர். போட்டாகணும். நாளைக்கு ரிமாண்ட்."

"இவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக" என்றார் ஈஸ்வரி, யாரையும் பார்க்காமல். "கப்பல் திருடன் மகள்னு ஒரு தடவ பேரு விழுந்துட்டா அது போகாது. எந்தச் செட்டியார் வீட்டுலயும் இவர நெலப்படி தாண்ட விட மாட்டாக."

இன்ஸ்பெக்டர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மானகிரியில் முருகப்பன் செட்டியாரின் பூர்வீக வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்தடி நீளத்தில் ஒரு மரக்கப்பல் இருக்கிறது. கிரேட் ஈஸ்டர்ன் என்ற புகழ்பெற்ற கப்பலின் மாதிரி. 1860-இல் அந்தக் கப்பல் முதல் பயணம் கிளம்பியபோது, கட்டியவர்களே செய்து, செட்டியாரின் முப்பாட்டனாருக்கு அனுப்பிவைத்தது என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். ஒரு பாய்மரம் ஆடுகிறது என்று பத்து நாளைக்கு முன்னால் அருள்முருகனைக் கூப்பிட்டார்கள். அவர் கப்பலைப் பட்டறைக்கு எடுத்துப் போய், நாலு நாள் வைத்திருந்து, சரிபண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நாளைக்கு முன்னால், முன்பே ஏற்பாடாகியிருந்தபடி, லண்டனிலிருந்து ஒரு மியூசியம் நிபுணர் வந்து பார்த்துவிட்டு, இது அசல் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உடனே செட்டியார், ஆசாரி அசலை எடுத்துக்கொண்டு நகலை வைத்துவிட்டான் என்று புகார் கொடுத்துவிட்டார்.

நிபுணர் அறிக்கையை அக்கா என்னிடம் நீட்டினார். மூன்று காரணங்கள். முதல் பயணத்தில் கப்பலின் நிறம் கருப்பு, இது வெள்ளை. அன்று அதற்கு ஐந்து புகைபோக்கி, இதில் நாலு. மூன்றாவது, எல்லாப் புகைபோக்கியிலும் ஒரே உயரத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை ஏற்றி, பழையது போலக் காட்ட யாரோ முயன்றிருக்கிறார்கள்.

"நாலு நாள்ல இப்படி ஒரு கப்பலச் செஞ்சாருன்னா" என்றேன், "இவரு இருக்க வேண்டிய எடம் லாக்கப் இல்ல சார், கப்பல் கம்பெனி."

"போன வருசமும் அந்த வீட்டுல வேல பாத்திருக்கான். அளவெடுத்து முன்னாடியே செஞ்சு வச்சிருப்பான்" என்றார் இன்ஸ்பெக்டர். "நானும் அங்கதான் போறேன். வேணும்னா பின்னாடி வாங்க. உள்ள விடுவாகளான்னு எனக்குத் தெரியாது."

*

மானகிரிக்குப் போகிற வழியில் காரை ஓட்டிக்கொண்டே, காலையில் போனில் படித்ததையெல்லாம் அக்காவிடம் ஒப்பித்தேன். பின் சீட்டில் ஈஸ்வரி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தேம்ஸ் ஆத்தங்கரையில வச்சுக் கட்டியிருக்காகக்கா. கிட்டத்தட்ட எழுநூறு அடி நீளம். நேரா எறக்குனா எதிர்க்கரையில போய் முட்டிக்கும்னு பக்கவாட்டுல சறுக்கி எறக்கப் பாத்திருக்காக. ஊரே வேடிக்க பாக்க வந்திருச்சு. கப்பல் நாலடி நகந்து நின்னுக்கிருச்சு. ஆத்துக்குள்ள தள்ளி முடிக்க மூணு மாசம்."

"எங்க டிபார்ட்மென்ட் ஆளுக கட்டியிருப்பாக."

"வெள்ளோட்டத்துல ஒரு புகைபோக்கி வெடிச்சு அடுப்படி ஆளுக செத்துப்போனாக. கட்டுன எஞ்சினியரும் அதே மாசம் போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் 1860-ல அமெரிக்காவுக்கு முதல் பயணம். நாலாயிரம் பேரு போகலாம். டிக்கெட் வாங்கி ஏறுனது முப்பத்தஞ்சு பேரு."

அக்காவுக்கு அது மட்டும் வலித்தது. "முப்பத்தஞ்சா? எங்க ராமேஸ்வரம் பாசஞ்சர்ல கக்கூஸ் வாசல்லயே அத விடக் கூட்டம் நிக்கும்."

"ஆறு பாய்மரம். திங்கள், செவ்வாய்னு கிழமப் பேரு வச்சிருக்காக. ஞாயித்துக்கிழம மட்டும் கெடையாது. கடல்ல லீவு இல்லையாம். நம்ம ஆபீஸ் மாதிரி."

"மேல சொல்லு."

"ஆளு ஏறலன்னதும் கடலுக்கடியில தந்திக் கம்பி போடுற வேலைக்கு விட்டுட்டாக. கம்பிய வைக்க எடம் வேணும்னு ஒரு புகைபோக்கியக் கழட்டிட்டாக. 1870-ல பம்பாய்க்கு வந்து அங்கேருந்து ஏடன் வரைக்கும் கம்பி போட்டுச்சு. நம்ம வெயிலுக்குத் தாங்காதுன்னு வெள்ளப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு வந்திருக்கு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இதக் காலையிலயே சொல்றதுக்கு என்னடா?"

"காலையில நீங்க என்னைத் திட்டிக்கிட்டிருந்தீக."

*

வாசலில் முருகப்பன் செட்டியார் நின்றார். அறுபத்தைந்து வயது, சலவை வேட்டி. சென்னையில் இருப்பவர், விசேஷத்துக்கு மட்டும் ஊருக்கு வருவார். இன்ஸ்பெக்டருக்கு ஒரு கும்பிடு கிடைத்தது. எங்களுக்கு அதுவும் இல்லை.

"திருடன் பெண்டாட்டி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"விடலைன்னா நாங்க வாசல்லயே நிக்கிறோம்" என்றார் விசாலி அக்கா. "அஞ்சு மணிக்கு வர்ற பத்திரிகைக்காரவுக எங்களையும் கேப்பாக. சதீஷ் நல்லாப் பேசுவான்."

செட்டியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்ததும் அக்கா சொன்னது உண்மை என்று புரிந்திருக்க வேண்டும். வழி விட்டார்.

வளவு என்கிற நடுமுற்றத்தைத் தாண்டி ஒரு நீண்ட கூடம். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் செட்டியாரின் காலமான தம்பியின் மனைவி சொர்ணவல்லி ஆச்சி உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வருடம் முழுக்க இந்த வீட்டில் தனியாக இருந்து பெருக்கிப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். செட்டியாருக்கும் அவருக்கும் பாகப்பிரிவினையிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. செட்டியார் அவரைத் தாண்டிப் போன விதத்தில், நாற்காலி காலியாக இருக்கிறதோ என்று நானே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பெட்டிமேல் கிடந்த பட்டுத்துணியைச் செட்டியார் விலக்கினார். வெள்ளைக் கப்பல். ஆறு பாய்மரம், நாலு புகைபோக்கி, பக்கத்துக்கு ஒரு பெரிய சக்கரம். அழகாகத்தான் இருந்தது.

"எங்க கப்பல் கருப்பு. அஞ்சு புகைபோக்கி" என்றார் செட்டியார். "கண்ணு பட்டுரும்னு மூடியே வச்சிருப்போம். போட்டோ எடுக்க விட்டதில்ல. அது இந்தத் திருட்டுப் பயலுக்கு வசதியாப் போச்சு."

"கருப்புக் கப்பலத் திருடிட்டு வெள்ளக் கப்பல வச்சிட்டுப் போறவன் திருடன் இல்லைங்க" என்றேன். "விளம்பரம் பண்றவன்."

"இந்த ஆளு வாய மூடச் சொல்லுங்க, இன்ஸ்பெக்டர்."

அக்கா பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு ஈஸ்வரியைக் கூப்பிட்டார். "ஒரு பாய்மரத்தக் கழட்ட முடியுமா? ஒங்க வீட்டுக்காரரு தொடாத ஒண்ணா."

ஈஸ்வரி ஆசாரி வீட்டில் பிறந்து ஆசாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். பாலிஷ் வேலையெல்லாம் அவர் கைதான். மூன்றாவது மரத்தை, அதாவது புதன்கிழமையை, இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி உருவினார். அடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரும் குனிந்தார். கீரையை வைத்துவிட்டு ஆச்சிகூட எழுந்து வந்தார். மரத்தின் அடியில் உளியால் கீறிய ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"என்ன ஈஸ்வரி அது?"

ஈஸ்வரி குறியை உள்ளங்கையால் மூடினார்.

"சொல்லுங்க. மறைச்சா வேலைக்காகாது."

"மரத்த நிறுத்தி வச்சா அடிப்பக்கம் கீழ இருக்கணும், நுனிப்பக்கம் மேல இருக்கணும்" என்றார் ஈஸ்வரி, வேண்டா வெறுப்பாக. "தலகீழா நிறுத்துனா வீடு வெளங்காதும்பாக. அறுத்து இழைச்சப்புறம் அடி எது நுனி எதுன்னு தெரியாது. அதனால அறுக்கும்போதே அடியில குறி போட்ருவோம். தூணுக்கும் போடுவோம். இத்துனூண்டு குச்சியா இருந்தாலும் போடுவோம்."

"வெள்ளைக்காரன்?"

"அவனுக்கு ஏது இதெல்லாம்."

செட்டியார் கையைத் தட்டினார். ஒரே தட்டு. "கேட்டீகளா, இன்ஸ்பெக்டர். அவ வாயாலயே வந்திருச்சு. இது உள்ளூர் ஆசாரி செஞ்சது. இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?"

எங்கள் கட்சிக்காரரின் புருஷனை உள்ளே தள்ளுவதற்கான சாட்சியத்தை எங்கள் கட்சிக்காரர் கையாலேயே உருவி எடுத்துக் கொடுத்திருந்தோம். ஈஸ்வரி அக்காவைப் பார்த்த பார்வையில் அடிதடி இருந்தது.

"ஒங்களக் கும்புட்டுக் கூட்டியாந்ததுக்கு நல்லாச் செஞ்சீக" என்றார். "நீங்க சும்மா இருந்திருந்தாலே போதுமே."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார்.

"ஒரு நிமிசம் சார்" என்றார் அக்கா. பட்டுத்துணியை எடுத்துக் கப்பலை முழுக்க மூடினார். பிறகு, மறுபடி நாற்காலிக்குப் போயிருந்த ஆச்சியின் பக்கம் திரும்பினார். "ஆச்சி, ஆயுத பூசைக்கு இந்த வீட்டுல எதுக்கெல்லாம் பொட்டு வைப்பீக?"

கூடத்தில் ஆச்சியிடம் யாராவது கேள்வி கேட்டே பல வருடம் ஆகியிருக்கும் போல. ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எல்லாத்துக்கும்தான். அருவாமனை, அம்மி, தையல் மிசினு, காரு."

"கப்பலுக்கு?"

"வைப்பேன். வருசத்துல அன்னைக்கு மட்டுந்தான் பெட்டியத் தொறக்கிறது."

"யாரு வைக்கிறது?"

"நான்தான். கல்யாணம் ஆகி வந்த வருசத்துலேருந்து. முப்பத்தோரு வருசம். அதுக்கு முன்னாடி எங்க மாமியா."

"புகைபோக்கிக்கு எத்தன பொட்டு வைப்பீக?"

ஆச்சி செட்டியாரை ஒரு தடவை பார்த்தார். ஒன்பது வருடத்துக் கணக்கும் அந்தப் பார்வையில் இருந்தது.

"நாலு" என்றார்.

"அவ பொய் சொல்றா" என்றார் செட்டியார்.

"மொத வருசம் கையில சந்தனம் தண்ணியாப் போயி வழிஞ்சிருச்சு" என்று ஆச்சி அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மூணாவது புகைபோக்கிக்குப் பின்னாடி, செவத்தப் பாத்த பக்கம், கீழ பலகையில ரெண்டு சொட்டு. எங்க மாமியா ஒரு வாரம் திட்டுனாக. நானும் தேச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல."

அக்கா துணியை விலக்கினார். இன்ஸ்பெக்டர் பெட்டிக்குப் பின்பக்கம் போய், டார்ச் அடித்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் குரலில் வேகம் குறைந்திருந்தது.

"ரெண்டு சொட்டு இருக்கு."

"நிபுணரு அழுக்கு ஏத்துன கறைன்னு எழுதியிருக்கிறது நம்ம வீட்டுப் பொட்டு, சார். வருசா வருசம் அதே எடத்துல சந்தனமும் குங்குமமும் வச்சா ஒரே உயரத்துல கறை ஏறாம என்ன பண்ணும்? லண்டன்ல ஆயுத பூசை இல்ல, பாவம் அவருக்குத் தெரியல. எல்லாப் புகைபோக்கியிலயும் அந்தப் பொட்டு இருக்கு. அஞ்சாவதுக்கு வச்சதா ஆச்சிக்கு நெனப்பே இல்ல. இந்த வீட்டுல எப்பவுமே இருந்தது இந்தக் கப்பல்தான்."

"அப்ப ஆசாரி குறி?"

"ஆசாரி செஞ்சதுதான். இவரு இல்ல, இவருக்கு நூத்தம்பது வருசத்துக்கு முந்தின ஆசாரி. கருப்புக் கப்பலப் பாத்து நகல் எடுக்கிறவனுக்கு நெறமும் தப்பி, எண்ணிக்கையும் தப்பி, அந்த ரெண்டு தப்பும் ஒரே வருசத்துல போய் நிக்குமா? வெள்ள நெறம், நாலு புகைபோக்கி. 1870-ல பம்பாய்த் துறமுகத்துல அந்தக் கப்பல் நின்ன கோலம் அதுதான். இந்த வீட்டு முப்பாட்டனாரு அங்க வச்சுப் பாத்திருப்பாரு. ஊருக்கு வந்து சொல்லிச் செய்ய வச்சிருப்பாரு. அதுக்கப்புறம் யாரோ ஒருத்தருக்கு அது வெள்ளைக்காரன் குடுத்ததுன்னு சொன்னா எடுப்பா இருந்திருக்கு."

செட்டியார் நாற்காலி தேடி உட்கார்ந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் நம்புனதச் சொன்னேன். தெரியாமக் குடுத்த புகாருக்கு என்ன பண்ணச் சொல்றீக?"

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அக்கா மட்டும் டிக்கெட்டைத் திருப்பித் தராத பரிசோதகர் மாதிரி அங்கேயே நின்றார்.

"ஈஸ்வரி மரத்த உருவுனப்ப இங்க இருந்த எல்லாரும் எட்டிப் பாத்தோம். ஆச்சி கீரைய விட்டுட்டு வந்தாக. நீங்க மட்டும் நின்ன எடத்துலயே நின்னீக. அடியில என்ன இருக்குன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"உளறாதீக."

"ஆசாரி ஆறு நாளைக்கு முன்னாடி கப்பலக் கொண்டாந்தாரு. கழட்டுன மரத்துல குறியப் பாத்துட்டு, சந்தோசமா ஒங்ககிட்டச் சொல்லியிருக்காரு. அவருக்கு அது பெரும. ஒங்களுக்கு அவமானம். வெளிய சொல்லக்கூடாதுன்னு சாமி வீட்டுல வச்சு, எரியுற சூடத்த அவர உள்ளங்கையால அணைச்சுச் சத்தியம் பண்ண வச்சீக."

செட்டியார் எழுந்துவிட்டார். "சொல்லிட்டானா? சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வாயத் தொறந்துட்டானா அந்த நாயி?"

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்துவிட்டுச் செட்டியார் பக்கம் திரும்பினார்.

"இல்ல" என்றார் அக்கா. "அவரு இன்னமும் வாயத் தொறக்கல. பசை சுட்டா விரல் சுடும், உள்ளங்கையில நடுவுல சுடாது. மத்தத இப்ப நீங்கதான் சொன்னீக."

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. விளங்கியதும் கோபம் வந்தது. லண்டன்காரர் வந்து குட்டை உடைத்ததும், இந்த மனிதருக்கு ஒரு திருடன் தேவைப்பட்டிருக்கிறான். திருட்டுப் போன இங்கிலீஷ் கப்பல் கௌரவம், திருட்டுப் போகாத மானகிரிக் கப்பல் கேவலம். சத்தியத்தால் வாயைப் பூட்டிக்கொண்ட ஒரே ஆளாகப் பார்த்துப் புகார் எழுதியிருக்கிறார். அந்த ஆளும் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு துண்டு சூடத்துக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்றே தெரியவில்லை.

"மூணு நாள்ல என்கிட்ட யாராவது ஒரு வார்த்த கேட்டிருந்தா" என்றார் ஆச்சி, கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே, "அன்னைக்கே நாலுன்னு சொல்லியிருப்பேன்."

இன்ஸ்பெக்டருக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஆச்சி சொன்னதை நின்றபடியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "அந்த ஆசாரிய அனுப்பிருங்க. ஆமா, இப்பவே. வண்டி வச்சு வீட்டுல விடுங்க." போனை வைத்துவிட்டுச் செட்டியாரிடம், "நாளைக்குக் காலையில நீங்க ஸ்டேஷனுக்கு வரணும். பொய்ப் புகார் சும்மா விடுற விசயமில்ல" என்றார்.

வாசலில் கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் முகப்பில் ஏறுவது தெரிந்தது.

செட்டியார் ஈஸ்வரி பக்கம் வந்தார். நாங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா பாரு. ஒன் புருசன் வீட்டுக்கு வந்துருவான். நான் புகார வாபஸ் வாங்கிக்கிறேன். வெளிய நிக்கிறவுககிட்ட ஒரு வார்த்த போகக்கூடாது. அவன் சத்தியம் பண்ணியிருக்கான்."

"பண்ணியிருக்காரு" என்றார் ஈஸ்வரி. "சாகுற வரைக்கும் மீற மாட்டாரு. எனக்குத் தெரியும்."

செட்டியாரின் தோள் தளர்ந்தது. மூச்சு விட்டார்.

"நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலையே" என்றார் ஈஸ்வரி.

கையில் இருந்த பாய்மரத்தைக் கொடுக்காமலே அவர் வளவைத் தாண்டி முகப்புக்கு நடந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மைக்குகள் திரும்பின. குறியுள்ள அடிப்பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கப்பல எங்க ஆளுக செஞ்சாக" என்று ஆரம்பித்தார்.

"கதவச் சாத்துங்க" என்று செட்டியார் கத்தினார். "யாராவது அந்தக் கதவச் சாத்திப் பூட்டுங்க."

வீட்டுச் சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில் இருந்தது. அவர் அடுத்த கீரைக் கட்டை எடுத்தார்.